பறிக்காத பூ எல்லோருக்கும் சொந்தம்

பயணம் போய் வந்த அனுபவங்களை இந்தப் பகுதியில் நிறையப் பேர் எழுதுகிறீர்கள். பெரும்பாலும் காசி, ராமேஸ்வரம், திருப்பதி என்று கோயில் பயணம்தான். நான் எழுதப் போவது ஒரு பூங்காவைப் பார்த்து வந்த கதை. 'பூங்காவா? அதுல எழுத என்ன இருக்கு?' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். கடைசி வரை படியுங்கள்.

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர். பச்சைமலை அடிவாரம். சாமி சிலை, வாகனம், தேர் வேலை என்று மரச்சிற்பத்துக்குப் பேர் போன ஊர். 2020-ல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. என் வீட்டுக்காரருக்கும் அந்த வேலைதான். விடிந்தால் உளிச் சத்தம், பொழுது போனால் மரத்தூள் கூட்டுவது என்று எங்கள் வீட்டில் நாள் ஓடும்.

வெளியூர்ப் பயணம் என்றால் எங்களுக்குக் கல்யாணம், காது குத்து, துக்கம், ஆஸ்பத்திரி, கோயில். இந்த ஐந்தும் இல்லாமல் 'சும்மா' ஓர் ஊருக்குப் போனதாக எனக்கு நினைவே இல்லை. போன வருடம் ஒரு கோயில் வாகன வேலை முடிந்து கையில் கொஞ்சம் பணம் தங்கியது. பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை. "ஊட்டி பூங்காவுக்குப் போலாம்ப்பா" என்று பெண் ஆரம்பித்தாள். அவரும் சரி என்றார். மாமியார்தான், "நீங்க போயிட்டு வாங்க. பூவையும் புல்லையும் பாக்க எனக்கென்ன வந்துச்சு?" என்று மறுத்து விட்டார்.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது. மாமா தவறிப் பதினோரு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் எங்கள் வாசலில் ஒரு முல்லைப் பந்தல் இருந்தது. அத்தை வைத்து வளர்த்தது. சாயந்திரமானால் மடி நிறையப் பறித்து, தெருவில் உள்ள பெண்களுக்கெல்லாம் கட்டிக் கொடுப்பார். மாமா போன முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் பந்தலைத் தானே பிரித்துப் போட்டு விட்டார். பூக்காரம்மா குரல் கேட்டால் உள்ளே போய் விடுவார். விசேஷ வீட்டில் பூத்தட்டு வைத்த இடத்துக்கே வர மாட்டார்.

மூன்று வருடத்துக்கு முன் என் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தோம். பேத்தியின் சடை அலங்காரத்தைப் பார்க்க ஆசையாகக் கிட்டே வந்தார் அத்தை. உறவில் ஒரு பெரியம்மா, "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லி விட்டார். அத்தை ஒன்றும் பேசாமல் பின்கட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவ உட்கார்ந்தார். நான் அங்கேதான் நின்றேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சபையில் சண்டை எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். அது இன்று வரைக்கும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

"அப்பாயி வரலேன்னா நானும் போகல" என்று பெண் பிடிவாதம் பிடித்ததால் ஒரு வழியாகக் கிளம்பினார். ஆத்தூர், சேலம், மேட்டுப்பாளையம் என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை பூங்கா வாசலில் நின்றோம்.

அரசு தாவரவியல் பூங்கா என்பது அதன் பெயர். தொட்டபெட்டா மலையின் அடிச்சரிவில் சுமார் 55 ஏக்கரில் படிப்படியாக ஏறிப் போகிறது. அதன் கதையைக் கேளுங்கள். 1845-ல் அங்கே குடியிருந்த வெள்ளைக்காரர்கள் சிலர் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, தங்கள் சமையலுக்குக் காய்கறி விளைவிக்க ஒரு தோட்டம் ஆரம்பித்தார்களாம். சந்தா கட்டியவருக்குத்தான் காய். பிறகு பொதுத் தோட்டமாக ஆக்கலாம் என்று முடிவாகி, 1848-ல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து மெக்ஐவர் என்ற தோட்டக் கலைஞர் வந்தார். சதுப்பும் புதருமாகக் கிடந்த சரிவைப் பல வருடம் பாடுபட்டுப் பூங்காவாக்கியவர் அவர்தான். இன்று தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை பார்த்துக் கொள்கிறது. சந்தா கட்டிய சில பேருக்கு என்று இருந்த தோட்டம், சீட்டு வாங்கி யார் வேண்டுமானாலும் நுழையும் இடமாகி விட்டது பாருங்கள்!

உள்ளே நுழைந்ததும் பெரிய புல்வெளி. பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி என்பார்களே, அது பொய்யில்லை. அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக் கொண்டு ஓரமாகக் காலை வைத்துப் பார்த்தார். "யம்மா, சில்லுன்னு இருக்கு புள்ள!" என்றார். முதல் சிரிப்பு அங்கேதான் வந்தது.

என் வீட்டுக்காரருக்கு வேறு சந்தோஷம். "இருபத்தஞ்சு வருஷமா மரத்தைப் படுக்கப் போட்டுத்தான் பாத்திருக்கேன். நிக்கிற மரத்தை இப்படி நிதானமா பாத்ததில்ல" என்று ஒவ்வொரு மரமாகத் தொட்டுத் தொட்டுப் போனார். மரங்களில் பெயர்ப் பலகை மாட்டி இருக்கிறார்கள். காகிதம் போல் பட்டை உரியும் மரம் ஒன்று. தென் அமெரிக்காவிலிருந்து வந்த 'குரங்கு ஏறா மரம்' ஒன்று. இலையெல்லாம் முள், பேருக்கு ஏற்ற மாதிரிதான் இருக்கிறது! பாட்டிலுக்கு மூடியாகப் போடுகிறோமே கார்க், அந்த மரமும் உண்டு. அதன் பட்டையை மட்டும் உரித்து எடுப்பார்களாம். மரத்தை வெட்ட வேண்டியதில்லை. சில வருடத்தில் திரும்ப வளர்ந்து விடுமாம். "வெட்டாமலே கொடுக்குது பாரேன்" என்று அவர் சொன்னதையே சொல்லிக் கொண்டிருந்தார்.

இன்னோர் இடத்தில் கல்லாகிப் போன அடிமரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். 2 கோடி வருடத்துக்கு முந்தியது. கூட்டம் அதைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தது. என் பையன் சும்மா இருப்பானா? "எங்க மாவட்டத்துல சாத்தனூர் கல்மரம் 12 கோடி வருஷம். 18 மீட்டர் நீளம். பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாங்க" என்று உரக்கச் சொன்னான். அத்தை, "அப்ப இது நம்ம ஊரு மரத்துக்குப் பேரன் மொறை ஆவணும்" என்றாரே பார்க்கலாம்! பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்து விட்டார்கள்.

அடுத்தது கண்ணாடி மாளிகை. செப்டம்பர், அக்டோபரில் அங்கே இரண்டாம் சீசன். ஆயிரக்கணக்கில் தொட்டிகளை அடுக்கியிருந்தார்கள். வாசல் வரை வந்த அத்தை சட்டென்று நின்று விட்டார். "நீங்க பாத்துட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்" என்றார். பதினோரு வருடப் பழக்கம் காலைப் பிடித்துக் கொண்டது. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அங்கே தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக் கொண்டிருந்த ஒரு அம்மா, அவருக்கும் நெற்றி வெறுமையாகத்தான் இருந்தது, திரும்பிப் பார்த்தார். "ஏம் பாட்டி அங்கயே நின்னுட்டீங்க? உள்ள வாங்க. பறிக்கத்தான் கூடாது. பாக்கறதுக்கு எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்" என்று கூப்பிட்டார்.

அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். எனக்குப் பொட்டில் அடித்தது போல இருந்தது. பூவைப் பறித்துத் தலையில் வைத்தால்தானே இவள் வைக்கலாம், அவள் வைக்கக் கூடாது என்ற கணக்கெல்லாம்? பறிக்கவே கூடாது என்கிற இடத்தில் கட்டுக்கழுத்தியும் கைம்பெண்ணும் ஒன்றுதானே!

அத்தை உள்ளே வந்தார். பெகோனியா, சால்வியா, டேலியா என்று பேத்தி பலகையைப் படிக்கப் படிக்க ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து நின்றார். ஒரு தொட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இது நம்ம செண்டுமல்லி இல்ல?" என்றார். ஆமாம், அதுவேதான். நம் வீட்டு வாசலிலும் சாமி படத்திலும் தொங்கும் செண்டுமல்லியே மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த செடிதானாம்! "அவ்வளவு தூரத்துல இருந்து வந்து நம்ம மண்ணுல பொழச்சிருக்கு பாரு" என்று அதைத் தடவிக் கொடுக்கப் போய், சட்டம் ஞாபகம் வந்து கையை இழுத்துக் கொண்டார்.

அப்புறம் இத்தாலியத் தோட்டம் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். போரில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகள் அமைத்ததால் அந்தப் பெயராம். அவரும் பிள்ளைகளும் மேலே தோடர் மந்து பார்க்கப் போய் விட்டார்கள். நானும் அத்தையும் மட்டும். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"அத்தை, மஞ்சள் நீராட்டு அன்னிக்கு நான் கேட்டிருக்கணும். கேக்காம நின்னுட்டேன்" என்றேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு அவ சொன்னது கூட வலிக்கல. நீ பாத்துக்கிட்டு நின்ன பாரு, அதுதான்... சரி விடு, இப்பவாவது சொன்னியே" என்று என் கையைப் பிடித்துக் கொண்டார். லேசாகத் தூறல் போட்டது. இருவரும் எழுந்திருக்கவே இல்லை. வீட்டில் ஒரே கூரையின் கீழ் இத்தனை வருடம் இருந்தும் இதைப் பேச எங்களுக்கு நேரமும் இடமும் கிடைக்கவில்லை. அடுப்பு இல்லை, கூப்பிடும் குரல் இல்லை. பூங்காவில்தான் கிடைத்தது.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில விஷயங்கள். மே மாத மலர்க் கண்காட்சி கண்கொள்ளாக் காட்சிதான். 2025-ல் நடந்தது 127-வது கண்காட்சி. ஆனால் கூட்டம் நெரியும். வயதானவர்களோடு போனால் இரண்டாம் சீசனில், வார நாளில், காலையிலேயே போய் விடுங்கள். 2024 மே முதல் நீலகிரிக்கு வெளியூர் கார், வேன் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸில் போனால் அந்தக் கவலை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள். ஸ்வெட்டர், குடை அவசியம். ஏற்றம் இருப்பதால் மூட்டு வலிக்காரர்கள் கீழ்ப் புல்வெளியோடு நிறுத்திக் கொள்ளலாம். முக்கியமாக, ஒரு மணி நேரத்தில் சுற்றி விட்டு அடுத்த இடத்துக்கு ஓடாதீர்கள். அரை நாளாவது உட்காருங்கள்.

ஊட்டி வரை முடியாதவர்களுக்குத் திருச்சியில், ஸ்ரீரங்கம் பக்கம் மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. காலையில் போய் இரவுக்குள் திரும்பி விடலாம்.

ஊருக்கு வந்த மறுவாரம் அத்தை பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு முல்லைப் பதியன் வாங்கி வந்து, பழைய பந்தல் இருந்த இடத்திலேயே நட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. குழி வெட்டிக் கொடுத்தேன்.

தை மாதம் எங்கள் வீட்டில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. பூ கட்டப் பெண்கள் உட்கார்ந்தபோது, "அத்தை, நீங்க வாங்க. உங்க கையால கட்டுனா நெருக்கமா இருக்கும்" என்று எல்லார் காதிலும் விழும்படி நானே கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்தேன். அந்தப் பெரியம்மா முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். பதினோரு வருடம் கழித்தும் அத்தையின் விரலுக்குக் கட்டு மறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள், "யாரு கட்டுனது, இவ்வளவு அழகா?" என்று கேட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் பூத்தட்டைக் கண்டால் ஒதுங்கிப் போகும் ஒரு அம்மாவோ அத்தையோ அக்காவோ இருக்கலாம். ஒரு நாள் கையைப் பிடித்து ஒரு பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள்.

- ஒரு வாசகி, அரும்பாவூர்.