புதுசு போடமுதல் அளந்து பார்

இந்தக் கிழமை எபிசோட்டில் பிழை தேடுறது பற்றிக் கதைச்சோம். அதில சொல்ல நேரம் கிடைக்காத கதை இது. சேர்வர் பற்றியது இல்லை, என்ர மோட்டார் சைக்கிள் பற்றியது.

போன கோடையில் ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போயிட்டு, இரவு டோட்முண்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏ2 ஆட்டோபானில் கமென் தாண்ட, ஹெட்லைற் மங்கத் தொடங்கியது. பிறகு மீற்றர் லைற்றுகளும் மங்கின. எஞ்சின் இரண்டு தரம் இருமிப்போட்டு நின்றது. பின்னால லொறிகள் வருது, எனக்கோ பின்லைற்றும் இல்லை. பைக்கைக் கரைக்குத் தள்ளிவிட்டு, கம்பி வேலிக்கு அங்கால ஏறி நின்றபோதுதான் கை நடுங்கினது தெரிஞ்சது.

பைக் 1997ஆம் ஆண்டுடையது. இரண்டு கிழமைக்கு முதல்தான் 70 யூரோ குடுத்துப் புதுப் பற்றரி போட்டிருந்தேன். ஆனால் பற்றரி வெறும் தண்ணித் தாங்கிதான். எஞ்சினோடு சுத்துற ஜெனரேற்றர்தான் பம்ப். இங்க பழைய பைக் என்றால் பகலிலும் ஹெட்லைற் போட்டே ஓடவேணும். அதுக்கு மட்டும் 55 வோட். இக்னிஷன், பின்லைற் எல்லாம் சேர்த்து 100 வோட் என்று வையுங்கோ, எட்டு அம்பியருக்கு மேல போகுது. 10 அம்பியர்-அவர் பற்றரி ஒரு மணித்தியாலம் கொஞ்சம்தான் தாங்கும்.

அடுத்த சனிக்கிழமை ரெகுலேற்றர் ஒன்றை ஓடர் பண்ணப் போனேன். அப்பா கராஜ் வாசலில நின்று கேட்டார்: "தம்பி, அதுதான் பிழை எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்ல அப்பா. வழமையா அதுதான் போறதாம்."

"மாத்திப் பாக்கிறது வைத்தியம் இல்லை. முதல்ல அள."

அப்பா 1992இல் ஜேர்மனிக்கு வந்தவர். அதுக்கு முதல் இரண்டு வருசம் யாழ்ப்பாணத்தில மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில பற்றரியும் உள்ள வராது. சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு, ஒருத்தர் பெடலைக் கையால சுத்த, டைனமோவில ரேடியோ பாடும். அப்படித்தான் ஊரே பிபிசி தமிழோசை கேட்டது. "டைனமோ தாறது ஏசி, ரேடியோவுக்கு வேணும் டிசி. நடுவில டயோட் வைக்கவேணும். உன்ர பைக்கும் அதுதான், கொஞ்சம் பெருசு" என்றார்.

உண்மைதான். ஸ்டேற்றர் கம்பிச்சுருளில் ஏசி பிறக்கும். ரெகுலேற்றர் அதை டிசியாக்கி, வோல்ற்றையும் கட்டுப்படுத்தும். பிறகு பற்றரி. மூன்று இடம்தான்.

மல்டிமீற்றரை எடுத்தோம். பற்றரி, எஞ்சின் ஓடாமல்: 12.7 வோல்ற். நல்லது. எஞ்சினை 5000 சுற்றுக்கு ஏற்றினோம். 13.5 முதல் 14.5 வரை வரவேணும். வந்தது 12.2, அதுவும் இறங்குது. அப்ப சார்ஜ் போகேல்ல.

அடுத்தது ஸ்டேற்றர். அதிலிருந்து வாற மூன்று மஞ்சள் வயரையும் கழற்றி, இரண்டிரண்டாக ஏசியில் அளந்தோம். மூன்று சோடியும் 60 வோல்ற்றுக்குக் கிட்ட, கிட்டத்தட்டச் சமன். (எஞ்சின் ஓடேக்க அந்த வயரைக் கையால தொடாதேங்கோ.) எஞ்சினை நிப்பாட்டிப் பார்த்தால், வயருக்கும் பைக் உடம்புக்கும் இடையில தொடர்பில்லை. ஸ்டேற்றர் சுகம்.

"பாத்தீங்களா, ரெகுலேற்றர்தான்" என்றேன்.

"நடுவில இன்னொரு இடம் இருக்கு" என்றார்.

கழற்றின கனெக்டரைத் திருப்பிக் காட்டினார். வெள்ளைப் பிளாஸ்டிக் மண்ணிறமாய் உருகியிருந்தது. மூன்று பின்னில் ஒன்று கரி. துரு பிடிச்சால் தடை கூடும், தடை கூடினால் சூடு. வெறும் 0.3 ஓம் தடையில் 15 அம்பியர் ஓடினால் 67 வோட் சூடு. ஹெட்லைற் பல்பைவிடக் கூட, ஒரு சின்னப் பின்னுக்குள்ள. அந்த ஒரு பின் விட்டதில மற்ற இரண்டு வயரில வந்த மின்சாரம் ஹெட்லைற்றுக்கே காணேல்ல.

கருகின துண்டை வெட்டி, புதுக் கனெக்டர் போட்டோம். செலவு ஐந்து யூரோகூட இல்லை. திரும்ப 5000 சுற்று: 14.2 வோல்ற். ரெகுலேற்றருக்கு ஒன்றும் இல்லை. பழைய பற்றரியும் அநேகமா நல்லாத்தான் இருந்திருக்கும்.

வேலையில நான் லொக் பார்க்காமல் ஒன்றையும் தொடமாட்டேன். கராஜில மட்டும் ஊகத்துக்குக் காசு குடுத்தேன், ஏனென்றால் இங்க எல்லாம் இரண்டு நாளில பார்சலில வரும். அப்பாவுக்கு மாத்திப் போட மற்றது இருக்கேல்ல. அதனால பிழை எங்கே என்று தெரிஞ்சே ஆகவேணும்.

உங்கட பைக்கோ, அப்பாவின்ர பழைய காரோ சார்ஜ் இறங்கினால், முதல்ல 20 யூரோ மல்டிமீற்றர் ஒன்று வாங்குங்கோ. அளக்கேக்க வீட்டில ஆரையும் பக்கத்தில கூப்பிடுங்கோ. சைக்கிள் டைனமோ கதையை எங்கட வீட்டில நான் அண்டைக்குத்தான் முதல்முதலாக் கேட்டேன்.

அடுத்த கிழமை சந்திப்பம்.