டெங்கு பரிசோதனை: காய்ச்சல் வந்து எத்தனை நாள்?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் புதுச்சேரியில் டெங்குப் பேச்சும் தொடங்கிவிடும். லாஸ்பேட்டையோ முத்தியால்பேட்டையோ, எந்த லேப்புக்குப் போனாலும் கையில் சீட்டோடு காய்ச்சல்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சீட்டில் என்.எஸ்.1, ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி., பிளேட்லெட் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒவ்வொன்றும் தேடுவது வேறு. எந்த நாளில் ரத்தம் எடுத்தோம் என்று தெரியாமல் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்ற முடிவை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

முதல் ஐந்து நாள்

காய்ச்சல் தொடங்கிய நாலைந்து நாள்வரை ரத்தத்தில் வைரஸ் நிறைய இருக்கும். அது பெருகும்போது ரத்தத்தில் கலக்கிற புரதம்தான் என்.எஸ்.1. முதல் நாளிலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம். முன்பே ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கு இது சீக்கிரம் குறைந்துவிடும் என்பதால், அவர்கள் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன ஆர்.டி.பி.சி.ஆர்., வைரஸின் மரபணுவையே தேடுகிறது. டெங்குவுக்கு மூக்கில் குச்சி விட வேண்டியதில்லை, ரத்தமே போதும். டெங்கு வைரஸின் நான்கு வகைகளில் எது என்பதையும் இது சொல்லும். நோயாளிக்கான சிகிச்சை அதனால் மாறுவதில்லை. எந்த வகை பரவுகிறது என்று கண்காணிப்பவர்களுக்கும், 1975 முதல் இங்கே கொசுவழி நோய்களை ஆராய்ந்துவரும் வி.சி.ஆர்.சி. போன்ற மையங்களுக்கும்தான் அந்த விவரம் அதிகம் பயன்படும்.

ஐந்தாம் நாளுக்குப் பிறகு

அதற்குள் உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கத் தொடங்கியிருக்கும். ஐ.ஜி.எம். என்பது அவற்றில் முதலில் வருவது. இரண்டாம் நாளில் இதை மட்டும் எடுத்துப் பார்த்து ‘நெகட்டிவ்’ என்று நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. அன்று அது உருவாகியே இருக்காது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஐ.ஜி.எம். இரண்டு மூன்று மாதம்கூட ரத்தத்தில் தங்கலாம். ஐப்பசியில் டெங்கு வந்து தேறியவருக்கு மார்கழியில் வேறு காய்ச்சல் வந்தாலும் ‘பாசிட்டிவ்’ காட்டக்கூடும். ஐ.ஜி.ஜி.யோ பல ஆண்டுகள் இருக்கும். அது மட்டும் பாசிட்டிவ் என்றால், எப்போதோ டெங்கு வந்துபோனதன் தடயமாகவும் இருக்கலாம்.

கார்டா, எலிசாவா?

ரேபிட் கார்டில் சில சொட்டு ரத்தம் விட்டால் 15, 20 நிமிடத்தில் கோடு தெரியும். ‘சி’ என்ற இடத்தில் கோடு விழவில்லை என்றால் அந்தக் கார்டே செல்லாது. சொன்ன நேரம் கடந்தபின் மங்கலாகத் தோன்றும் கோட்டையும் கணக்கில் எடுக்கக் கூடாது. கார்டில் தவறு நேர வாய்ப்பு அதிகம். அதனால்தான் மத்திய அரசின் வழிகாட்டுதல் எலிசா முறையைப் பரிந்துரைக்கிறது: முதல் நாளிலிருந்து என்.எஸ்.1 எலிசா, ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஐ.ஜி.எம். எலிசா.

எலிசா தட்டில் 96 சிறு குழிகள் இருக்கும். ஒருவருடைய ரத்தத்துக்காக முழுத் தட்டையும் செலவழிக்காமல், பலருடைய மாதிரிகளைச் சேர்த்தே போடுவார்கள். “ரிசல்ட் நாளைக்குத்தான்” என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிளேட்லெட் எதைச் சொல்கிறது?

“பிளேட்லெட் எவ்வளவு?” என்பதுதான் வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. இயல்பான அளவு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை. வேறு பல காய்ச்சல்களிலும் அது குறையும் என்பதால், அதை வைத்து டெங்கு என்று முடிவுகட்ட முடியாது. நோய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத்தான் அது உதவும். அதோடு ரத்தத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹெமட்டோக்ரிட் அளவையும் மருத்துவர் கவனிப்பார். அது ஏறினால் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள்.

டெங்கு இல்லையென்றால்?

அதே ஏடிஸ் கொசு பரப்புவதுதான் சிக்குன்குனியா. 1964-லும் 2006-லும் அது இந்தப் பகுதியை ஆட்டிவைத்தது. அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலும் ஸ்க்ரப் டைபஸும் சேர்ந்தே வரும். இவை இரண்டும் பாக்டீரியாவால் வருபவை, ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகும். பழைய ஐ.ஜி.எம்.மைப் பார்த்து டெங்கு என்று இருந்துவிட்டால் அந்த மருந்து தாமதமாகிவிடும். அக்குள், தொடை இடுக்கு போன்ற மறைவிடங்களில் கறுப்புப் பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அது ஸ்க்ரப் டைபஸின் அடையாளமாக இருக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• காய்ச்சல் தொடங்கிய தேதியை மருத்துவரிடமும் லேப்பிலும் சொல்லுங்கள்.
• எடுத்தது கார்டா எலிசாவா என்று கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள்.
• காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் ரத்தக்கசிவை அதிகப்படுத்தலாம்.
• காய்ச்சல் விட்டதும் நோய் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அதன்பின் வரும் ஓரிரு நாள்தான் ஆபத்தானவை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் என எது தெரிந்தாலும், ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் ஜிப்மருக்கோ அரசு பொது மருத்துவமனைக்கோ உடனே போய்விடுங்கள்.