யாழ் மரமும் அதன் பதமும்

நரம்புக் கருவியின் இன்னொலிக்கு நரம்பே முழுக் காரணம் என்று கருதுவார் பலர். நரம்பு தனித்து நின்று அதிருங்கால் எழும் ஒலி மிகச் சிறிது. அவ்வதிர்வைத் தான் ஏற்று, அகன்ற பரப்பினாலே காற்றுக்கு வழங்குவது கருவியின் உடலாகும். யாழில் பத்தரும் அதன்மேற் போர்த்த தோலும், வீணையில் குடமும் அதனை மூடிய பலகையும் இத்தொழிலைப் புரிகின்றன. ஆகலின் மரத்தின் பதமே கருவியின் குரலாகும் எனல் மிகையன்று.

இவ்வுண்மையைப் பண்டைத் தமிழர் நன்கு உணர்ந்திருந்தனர். சீவக சிந்தாமணியிலே காந்தருவதத்தையாரோடு இசைப்போர் புரிய வந்த சீவகன், தன்முன் வைத்த யாழ்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்குகின்றான். ஒன்று நீரில் நின்று இளகிய மரம், ஒன்று வாளின் புண்பட்டது, மற்றொன்று இடியுண்டது. இவை வெறுங் கற்பனையல்ல. நீரில் நின்ற மரத்திலே பூஞ்சணம் பற்றி நாரை அரித்தலால், அதிர்வு நில்லாது விரைவில் அடங்கும். வெட்டுண்ட மரத்தில் நார் தொடர்ச்சி அறும். இடியுண்ட மரத்தின் அகத்தே கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புக்கள் தோன்றும். இன்றைய மரவியல் கூறும் காரணங்கள் புலவர் கூறிய குற்றங்களோடு பொருந்துதல் காண்க.

யாழுக்குரிய மரங்களாகக் கொன்றை, கருங்காலி, முருக்கு, குமிழ், தணக்கு என்பவற்றைச் சிலப்பதிகார உரை வழியாக அறிகின்றோம். இவற்றுள் கொன்றையும் கருங்காலியும் ஈழத்துக் கீழ்மாகாணத்தார்க்குப் புதியன அல்ல. பிற்காலத்து வீணைக்குப் பலாமரமே சிறந்ததெனக் கொள்ளப்பட்டது. மேனாட்டார் கித்தார் என்னும் கருவியின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் கொள்ளும் மரங்களுள் அக்ரோட்டு ஒன்றாகும். பலாவும் அக்ரோட்டும் வேறு நிலத்து மரங்களாயினும், நுண்டுளைகள் திறந்து தோன்றும் இயல்பினால் ஒத்தவை. ஆதலின் இரண்டையும் பதப்படுத்தும் முறை பெரும்பாலும் ஒன்றே.

முதற்கண் வேண்டுவது உலர்த்தல். மரம் தன்னைச் சூழ்ந்த காற்றின் ஈரத்துக்கேற்ப நீரை ஏற்றும் விடுத்தும் நிற்பது. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 80 ஆயின், நூறு பங்கு உலர்மரத்திலே ஏறத்தாழ 16 பங்கு நீர் தங்கும். 65 ஆயின் 12 பங்கே தங்கும். மட்டக்களப்பு நகரின் வடபால், வாவியின் அயலே மாமாங்கேசுவரர் திருக்கோயில் விளங்கும் அமிர்தகழி போன்ற ஊர்களிலே இவ்வேறுபாடு சிறிதன்று. மாரி காலத்தில் வீங்கிய பலகை, கச்சான் வீசும் நாளிலே சுருங்கும். ஈரம் ஆறாத பலகையால் கருவி செய்யின், பின்னர்ப் பொருத்துவாய் விடும், பலகையும் பிளக்கும். எனவே பலகைகளை நிழலில் அடுக்கி, இடையிடையே சிறு சட்டங்கள் வைத்து, முனைகளிலே மெழுகு பூசிக் காற்றாட விடுதல் வேண்டும். ஓரங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது தொழிலாளர் கொண்ட பழைய கணக்கு.

அடுத்தது இழைத்தலும் மெருகிடலும். உளியும் சீவுளியும் விட்ட தழும்புகளைச் சுரண்டுதகட்டினால் நீக்கிய பின்னர் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பர். முதலில் 80 எண்ணுள்ள பருந்தாள், பின்பு 120, 180, 220 என நுண்மை மிகும். ஒவ்வொரு தாளும் முன்னதன் கீறலைப் போக்குவது. இடையில் ஒன்றை விடுத்தால், கீறல் மறைந்ததுபோலத் தோன்றி, மெருகு பூசியபின் வெளிப்படும். நாரோடும் திசையிலேயே தேய்த்தல் வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் எளிதில் மாறாது. இறுதியில் ஈரத்துணியால் துடைக்க, மடிந்து கிடந்த நுண்ணார்கள் எழுந்து நிற்கும். அவை உலர்ந்தபின் மீண்டும் மெல்லத் தேய்த்து, நுண்டுளைகளை அடைத்து, அதன்மேல் மெருகிடுவர். உப்புத்தாள் வருமுன், சொரசொரப்பான பராய் மரத்திலையே இத்தொழிலுக்கு உதவிற்று. திருப்பராய்த்துறைக்குப் பெயர் தந்த தலமரமும் அதுவேயாம்.

மெருகிடல் அழகுக்காக மட்டும் எனக் கொள்ளுதல் பிழை. பலகையின் விறைப்பு அதன் தடிப்பின் முப்படிக்கேற்ப மாறுவது. தடிப்பிலே பத்திலொரு பங்கு தேய்ந்தால், விறைப்பிலே கால்பங்கிற்கு மேல் குறையும். ஆகவே தேய்க்குந்தோறும் குரல் மாறுகின்றது. கைதேர்ந்த தச்சன் பலகையை விரலால் தட்டிக் கேட்டுக் கேட்டுத் தேய்ப்பதன் காரணம் இதுவே. தேய்த்ததை மீட்டல் இயலாது. எங்கு நிறுத்துவது என்பதே இத்தொழிலின் உயிர்நிலை.

காரைதீவிலே 1892ஆம் ஆண்டு தோன்றிய விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தை நெடுநாள் ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். திருக்கொள்ளம்பூதூரில் நிகழ்ந்த அரங்கேற்றத்திலே, அவர் வகுத்த முறையில் அமைந்த யாழ்களும் ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டன. நரம்பின் அளவும் சுருதியின் கணக்கும் நூலில் நின்று நிலைத்தன. அண்மைக் காலத்திலே சென்னையில் கருவி செய்யும் தருண் சேகர் யாழை மீளச் செய்து இசைத்துக் காட்டியுள்ளார். இம்முயற்சிகள் உணர்த்துவது ஒன்று: கணக்கு ஏட்டில் வாழும், மரத்தின் பதமோ கையில் வாழ்வது. ஏடு அழியினும் படியெடுக்கலாம். கை ஒழியின் அவ்வறிவு மீளாது. வாவிக்கரை இளைஞர் யாழ் நூலைக் கற்பதோடு அமையாது, உளியும் உப்புத்தாளும் ஏந்திப் பழகுதலும் அடிகளார் பணியைத் தொடர்வதேயாகும்.