யவனர் தேறலும் அல்யானிகோ திராட்சையும்

'சமணருக்கு மதுவைப் பற்றி என்ன கட்டுரை?' என்று சங்க அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கள், புலால், தேன் மூன்றையும் விலக்குவது எங்கள் இல்லறத்தாரின் அடிப்படை ஒழுக்கம். ஆகவே சுவை பற்றி நான் எழுதுவதெல்லாம் படித்தறிந்ததே. ஆனால் தாராவியில் நாற்பது வருஷம் பாத்திரம் விற்றவன். சரக்கு வந்த சாடியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

இதை எழுதத் தூண்டியது ஒரு பேச்சு. செம்பூரில் ஒரு கல்யாண வீட்டில், இத்தாலி போய் வந்த நம் பிள்ளை ஒருவர், "அல்யானிகோ என்று ஒரு சிவப்பு ஒயின் இருக்கிறது, நம்ம பாண்டிய ராஜா குடித்தது அதுதான்" என்றார். கேட்க இனிக்கிறது. உண்மையா?

முதலில் அந்தத் திராட்சையைப் பார்ப்போம். இத்தாலியின் தென்பகுதியில், காம்பானியா, பசிலிகாதா மாநிலங்களில் எரிமலை மண்ணில் விளையும் கருந்திராட்சை அது. தோல் தடிப்பு. மற்றவை பறித்து முடிந்தபின் அக்டோபர் கடைசி, நவம்பர் என்று தாமதமாகப் பழுக்கும். ஆகையால் துவர்ப்பும் புளிப்பும் மிகுதி. நாவல் பழம் தின்றால் நாக்கைப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு. அது அடங்க வருஷங்கள் ஆகும். அதனால்தான் இந்தத் திராட்சையில் செய்யும் தவுராசி ஒயினை மூன்றாண்டு முதிரவைத்த பிறகே விற்கலாம் என்று அங்கே விதி வைத்திருக்கிறார்கள்.

இனி நம் பக்கம். பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56-ஆம் பாட்டில், யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை மகளிர் பொற்கிண்ணத்தில் ஊற்றித் தரும் காட்சி வருகிறது. தேறல் என்றால் தெளிந்தது. நிறம் சிவப்பா வெள்ளையா என்று புலவர் சொல்லவில்லை.

கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான 'பெரிப்ளூஸ்', முசிறிக்கு மது வந்தது, ஆனால் அதிகமில்லை என்கிறது. நமக்குப் பக்கத்திலுள்ள பரூச் துறைமுகத்திலோ இத்தாலிய மதுவுக்குத்தான் முதல் கிராக்கியாம். அங்காடி நிலவரம் அன்றும் ஊருக்கு ஊர் வேறுதான்!

புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டியபோது, இரண்டு கைப்பிடியும் கூர் அடியும் கொண்ட மதுச்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. கூர் அடி எதற்கு? கப்பலின் அடித்தளத்தில் நெருக்கி அடுக்க; கவிழ்த்து ஊற்றும்போது பிடித்துக்கொள்ளவும் வசதி. ஒரு சாடிக்குச் சுமார் 26 லிட்டர் பிடிக்கும். கசியாதிருக்க உள்ளே பிசின் பூசுவார்கள். சில துண்டுகளின் களிமண்ணில் கரிய எரிமலை மணல் கலந்திருக்கிறது. அது வெசூவியஸ் மலையைச் சுற்றிய காம்பானியா மண். கி.பி. 79-இல் பாம்பெய் நகரை மூடிய அதே மலை! இன்னும் சில சாடிகள் கிரேக்கத் தீவான கோஸிலிருந்து வந்தவை.

ஆக, அல்யானிகோ விளையும் காம்பானியாவிலிருந்து தமிழகக் கடற்கரைக்கு மது வந்தது உறுதி. ஆனால் ஊர் ஒன்று என்பதால் கொடியும் ஒன்றாகிவிடாது. அல்யானிகோ என்ற பெயர் ஏட்டில் தென்படுவதே 16-ஆம் நூற்றாண்டில்தான். அக்காலத்தில் பெரும்புகழ் பெற்ற காம்பானிய மதுவான பலெர்னியனும் வெள்ளைத் திராட்சையில் செய்தது என்றே அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு: சரக்கில் என்ன முத்திரை இருக்கிறதோ அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். சாடியில் இருக்கும் முத்திரை 'காம்பானியா', 'அல்யானிகோ' இல்லை. இல்லாததைச் சேர்த்துப் பெருமை பேசினால், இருக்கிற பெருமையையும் பிறர் நம்பமாட்டார்கள். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம் பிள்ளைகளுக்குப் பழம்பெருமை சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லும்போது சாடித் துண்டு எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே சொல்வோம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் எரிமலை மண்ணில் வனைந்த சாடி நம் கடற்கரைக்கு வந்து இறங்கியது என்பதே பெரிய சேதி அல்லவா?