விக்கல் எடுத்த வில்லன்

வேஷம் கட்டுவது சுலபம். அதற்கு மூச்சு கொடுப்பதுதான் பெரும்பாடு.

கறுப்பு அங்கி. கறுப்பு முகமூடி. மார்பில் மினுக்கும் விளக்குப் பெட்டி. 2023 செப்டம்பரில் தில்லிக் கல்லூரி ஒன்றின் மாறுவேடப் போட்டி மேடையில் டார்த் வேடர் நுழைகிறார். அரங்கம் அடங்குகிறது. 'ஹூஉஉ...' என்று அந்தப் பிரசித்தி பெற்ற மூச்சு இழுபடுகிறது. வெளியே விடவேண்டிய நேரத்தில் 'டப்'. மறுபடி முதலிலிருந்து 'ஹூஉஉ...', மறுபடி 'டப்'. நாலாவது தடவை பின்வரிசையிலிருந்து யாரோ இந்தியில் குரல் கொடுக்கிறார்: "ஐயாவுக்குத் தண்ணீர் கொடுங்கப்பா!"

முகமூடிக்குள் இருந்தது என் அக்கா மகன். இரண்டு மாத உழைப்பு. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

வேடருக்கு மூச்சுதான் எல்லாம். 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு அந்த ஓசையை உண்டாக்கியவர் பென் பர்ட். நீரில் மூழ்குபவர்கள் பயன்படுத்தும் சுவாசக் கருவிக்குள் மைக்கை வைத்துப் பதிவு செய்தார். உடல் டேவிட் புரோஸுடையது. குரல் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸுடையது. டப்பிங் படங்களில் ஊறிய நமக்கு இது ஒன்றும் புதிதல்ல. ஆனால் மூச்சு இல்லாவிட்டால் வேடர் வெறும் மழைக்கோட்டுக்காரர்.

2011 பிப்ரவரியில் தில்லி ஹாட்டில் காமிக் கான் தொடங்கியதிலிருந்து இந்திய நகரங்களில் இந்த வேஷப் பித்து பெருகியிருக்கிறது. அட்டையும் ஃபோமும் வெட்டி ஒட்டக் கற்ற பிள்ளைகள் இப்போது ஒளிக்கும் ஒலிக்கும் போகிறார்கள். சறுக்குவது பெரும்பாலும் ஒலியில்தான்.

அக்கா மகன் வாங்கியது டிஎஃப்பிளேயர் மினி என்ற ஒலிப்பலகை. தபால்தலை அளவு. மெமரி கார்டில் பாட்டைப் போட்டால் பாடும். 3 வாட் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது. பலகையில் பழுதில்லை, பழுது பாட்டரியில். அவன் மாட்டியிருந்தது மல்டிமீட்டரில் போடும் சதுரமான 9 வோல்ட் பாட்டரி. சொட்டுச் சொட்டாக மின்சாரம் கேட்டால் தரும். மடக்கென்று கேட்டால் திணறும். மூச்சு உச்சத்தைத் தொடும்போது ஆம்ப்ளிஃபயர் மின்சாரத்தை உறிஞ்சுகிறது. வோல்டேஜ் சரிகிறது. பலகை மயங்கி விழுந்து, விழித்தெழுந்து, முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. அதுதான் விக்கல். போதாக்குறைக்கு 9 வோல்ட்டை 5 ஆக்க 7805 என்ற முக்கால் சில்லு. பாட்டரி தருவதில் நூற்றுக்கு 44 பங்கைச் சூடாக்கி வீணடிக்கும் புண்ணியவான் அது.

அடுத்து பவர்பேங்க். ஒலியை நிறுத்திவிட்டு ஒத்திகைக்கு நடுவே சமோசா தின்னப் போனான். குறைந்த மின்சாரம்தானே போகிறது, வேலை முடிந்தது போலும் என்று பவர்பேங்க் தானே அணைந்துவிட்டது. அதன் பொத்தானோ அங்கிக்கு அடியில்.

"சத்தமும் போதலை மாமா. பெரிய ஆம்ப் வாங்கணும்" என்றான். செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போனோம். கடைக்காரரும் அதையே சொன்னார். ஆனால் வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி ஏறுவது 3 டெசிபல்தான்; காது அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. கேட்பவருக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதற்குத் தக்க பாட்டரியைத் தூக்க ஒரு கூலியாளும் வேண்டும்.

5 வோல்ட்டில் ஓடும் பிஏஎம்8403 என்ற சிறிய ஆம்ப்ளிஃபயர் பலகை ஒன்றே போதுமென்று திரும்பினோம். அதிலும் ஒரு குழி. ஸ்பீக்கரின் ஒரு ஒயரைப் பொதுவான கிரவுண்டில் கொடுப்பது பலரின் வழக்கம். (நான் மொழிபெயர்த்திருந்தால் 'தரை' என்று போட்டிருப்பேன், இங்கே அதற்குப் பாட்டரியின் மைனஸ் என்று அர்த்தம்.) இந்தச் சில்லுக்கு அது ஆகாது. இரண்டு ஒயரும் சில்லுக்கே போகவேண்டும். அவன் மைனஸில் கொடுத்ததும் விரல் வைக்க முடியாத சூடு.

சத்தம் கூடியது சமையலறையில். வெறும் ஸ்பீக்கரில் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று தின்றுவிடும். கனமான ஒலி செத்துப்போகும். பின்பக்கத்தை அடைத்தால் பிழைக்கும். அக்காவின் பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் மூடியில் வட்டமாக ஓட்டை போட்டு, மூன்று அங்குல ஸ்பீக்கரைப் பொருத்தி, ஓரங்களை அடைத்தோம். பிறகு கணினியில் மூச்சுப் பதிவின் ஆழமான அடித்தொனியை வெட்டினான். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் எப்படியும் எழுப்ப முடியாத ஒலி அது. மின்சாரத்தை மட்டும் தின்றுகொண்டிருந்தது. அதே பாட்டரி, அதே ஆம்ப்ளிஃபயர். அடுத்த அறையிலிருந்து அக்கா ஓடிவந்தாள், டப்பாவைத் தேடி அல்ல.

மின்சாரத்துக்கு லித்தியம் செல் வேண்டாமென்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வியர்வையும் நெரிசலுமாக இருக்கும் இடம். ஒயர் நசுங்கி ஷார்ட் ஆனால் நெஞ்சில் கட்டிய நெருப்பு. கழற்றவே ஐந்து நிமிடமாகும் அங்கி அது. நாலு ரீசார்ஜ் நிக்கல் செல்கள், 4.8 வோல்ட். வழியில் ஒரு டயோடு 0.7 வோல்ட்டைக் குறைக்க, பலகைக்குப் பிடித்த 4 வோல்ட் சொச்சம் கிடைத்தது. நிக்கலும் ஷார்ட் ஆனால் சுடும் என்பதால் ஒரு ஃபியூஸ். திடீர்த் தாகத்துக்கு 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. மார்பு விளக்குகளுக்குத் தனி பாட்டரி; இல்லாவிட்டால் அவை மினுக்கும்போதெல்லாம் ஸ்பீக்கர் 'டிக் டிக்' என்கிறது.

டிசம்பரில் ஓக்லா என்எஸ்ஐசி மைதானத்தில் காமிக் கான். மெட்ரோவில் போகவேண்டும். ஒயரும் பாட்டரியுமாக மார்பில் கட்டிக்கொண்டு தில்லி மெட்ரோவில் நுழைவது எப்பேர்ப்பட்ட யோசனை என்று சொல்லத் தேவையில்லை. கழற்றி, உள்ளே இருப்பது தெரியும்படி பையின் மேலாக வைத்தோம். பாதுகாப்புக் காவலர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

அக்கா மகன் சுவிட்சைப் போட்டான். வரிசை முழுவதும் திரும்பியது. மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது, விக்கவில்லை. காவலர் இன்னொரு தரம் கேட்டுவிட்டுத்தான் எங்களை உள்ளே விட்டார்.