சொல்லத் தயங்கும் கசிவு

"தும்மினா கசியுது, வயசானா அப்படித்தான்" என்று நம் அம்மாமார் பேச்சை முடித்துவிடுவார்கள். வயசு மட்டும் காரணமில்லை. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அடியிலிருந்து தூளிபோலத் தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். பிரசவம், தீராத மலச்சிக்கல், நாள்பட்ட இருமல் இவற்றாலும் அவை தளரும். வீட்டில் 'கர்ப்பப்பை இறங்கிடுச்சு' என்போம். மாணவர்களே, கட்டுரையில் 'கருப்பை இறக்கம்' என்று எழுதுங்கள்.

1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் விளக்கிய பயிற்சியே கசிவுக்கு இன்றும் முதல் சிகிச்சை. காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் தசையை இறுக்கி விடவேண்டும். தடவைக்கு 8 முறை, நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். பலர் வயிற்றை இறுக்கிவிட்டு, "பலனில்லை டீச்சர்" என்கிறார்கள்! இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை கற்றுக்கொள்வது நல்லது. இறக்கத்துக்குத் தாங்கு வளையம் உண்டு; எல்லாருக்கும் அறுவை வேண்டியதில்லை.

மேருவில் இருப்பவர்கள் கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்கலாம். தேவையானால் நிபுணரிடம் அனுப்பக் கடிதம் தருவார்கள். அங்கே போய் "வயிறு சரியில்லை" என்று சுற்றிவளைக்காதீர்கள். எப்போது கசிகிறது, நாளுக்கு எத்தனை முறை என்று 3 நாள் குறித்துக் கொண்டுபோங்கள். சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் அந்த 3 நாளும் காத்திருக்கவேண்டாம்.