டேப்லெட்டுக்குக் கீபோர்டு கேஸ்: எல்லையோர ஊர்களுக்கு எது பொருந்தும்?

2020 ஜூன் 1-ஆம் தேதி கேரள அரசின் விக்டர்ஸ் கல்விச் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கியபோது, பெருங்கடவிளை, குன்னத்துகால், வெள்ளறடை, பாறசாலைப் பக்கத்து வீடுகள் பலவற்றில் பிள்ளைகளின் பாடத்துக்காக டேப்லெட் வாங்கினார்கள். அப்போது பார்த்தால் போதும். இப்போது அதே டேப்லெட்டிலோ, அதற்குப்பின் வாங்கியதிலோ கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது, விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருக்கிறது. கண்ணாடித் திரையில் தட்டித்தட்டி நாலு பக்கம் எழுதுவது பெரும்பாடு. அதனால்தான் கீபோர்டுடன் சேர்ந்த கேஸ்.

கடைக்காரர் முதலில் "எத்தனை இஞ்ச்?" என்று கேட்பார். அளவை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். மாடல் எண்ணைச் சொல்லுங்கள். ஐபேடையே பாருங்கள்: 2022-இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடும், அதே ஆண்டு வந்த ஐபேட் ஏரும் 10.9 இஞ்ச்தான். ஆனால் ஒன்றின் தடிமன் 7 மில்லிமீட்டர், மற்றது 6.1; ஒன்றின் கேஸ் மற்றதற்குச் சரியாக உட்காராது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளிலும் இதே கதைதான். செட்டிங்ஸில் 'அபௌட்' பகுதியில் இருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். எந்த டேப்லெட்டுக்கும் ஆகும் என்று ரப்பர் பட்டையும் கொக்கியும் வைத்து விற்கும் கேஸ்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கொக்கி சில சமயம் வால்யூம் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும், சில சமயம் கேமராவை மறைக்கும். மூலைக்கோ பாதுகாப்பே இல்லை.

அடுத்ததுதான் நம் ஊர்க்காரர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது: மொழி. வீட்டில் தமிழ், பள்ளியிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் மலையாளம், விண்ணப்பத்தில் ஆங்கிலம் என்று ஒரே கீபோர்டில் மூன்றும் ஓட வேண்டும். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதைத் தீர்மானிப்பது டேப்லெட்டில் உள்ள மென்பொருள். கேஸுக்கு அதில் வேலையில்லை. எனவே விசையில் தமிழ் எழுத்து அச்சிட்டிருக்கிறதா என்று தேட வேண்டாம்.

தமிழுக்கு 1999-இல் வந்த தமிழ் 99 அமைப்பு பரவலானது. அதில் ஆங்கில 'எச்' விசையில் க, 'ஜே'யில் ப, 'எல்'லில் த. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக அமைத்த இன்ஸ்கிரிப்டில் 'கே'யில் க, 'எச்'சில் ப, 'எல்'லில் த. தமிழானாலும் மலையாளமானாலும் ககரம் அதே விசையில்தான். இரண்டு மொழியும் எழுதுகிறவருக்கு விரல்பழக்கம் ஒன்றே போதும். தமிழ் 99 பழகிய கைக்கு மலையாளத்தில் இன்ஸ்கிரிப்ட் வந்தால், க என்று நினைத்துத் தட்டிய இடத்தில் ப வந்து நிற்கும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு நான் இன்ஸ்கிரிப்டைத்தான் சொல்வேன்.

ஆனால் எல்லா டேப்லெட்டிலும் எல்லா அமைப்பும் வெளிக் கீபோர்டில் வேலை செய்வதில்லை. திரையில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றிப் பழகியவர்கள், கீபோர்டு இணைத்ததும் வெறும் ஆங்கிலம் மட்டும் வருவதைப் பார்த்துத் திகைத்துப்போகிறார்கள். ஆகவே உங்கள் டேப்லெட்டைக் கடைக்கே கொண்டுபோய், கீபோர்டை இணைத்து, ஒரு வரி தமிழும் ஒரு வரி மலையாளமும் அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இனி மழை. இடவப்பாதியும் துலாவருஷமும் சேர்ந்து ஆண்டில் பாதி ஈரம் நிற்கும் நாடு இது. தோல்போல் பளபளக்கும் கேஸ்களில் பெரும்பாலானவை பாலியூரித்தேன் பூச்சுக்கொண்டவை. ஈரக்காற்று அந்தப் பூச்சை மெல்லமெல்லச் சிதைக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் கண்டால் செதில்செதிலாக உரியும். துணி போர்த்தியதில் பூஞ்சை பிடிக்கும். ரப்பர் போன்ற டிபியு விளிம்பும் கெட்டிப் பிளாஸ்டிக் முதுகும் உள்ள கேஸ் பார்க்க அழகில்லாமல் இருக்கலாம். ஆனால் துடைத்தால் போதும். மூடிய நிலையில் விசைகள் திரையைத் தொடாதபடி விளிம்பு சற்று உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பையில் புத்தகங்களோடு நெருக்கி வைக்கும்போது, இடையில் சிக்கிய மணல்துகள் திரையில் கோடு போட்டுவிடும்.

'ராணுவத் தரம்' என்று பெட்டியில் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அது சுட்டுவது அமெரிக்க ராணுவத்தின் 810 என்ற சோதனை முறையை. அதில் 4 அடி உயரத்திலிருந்து 26 தடவை கீழே போடுவார்கள். அந்த 26-ஐ ஐந்து கேஸ்கள் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். விழும் தரையும் ஒட்டுப்பலகை. நம் வீட்டு முற்றத்துக் கருங்கல்லும் சிமென்ட் தரையும் அப்படியல்ல. மூலை நாலிலும் காற்றிடைவெளியோடு தடித்த விளிம்பு இருக்கிறதா என்பதையே பாருங்கள். விழும்போது முதலில் அடிபடுவது மூலைதான்.

இணைப்பு இரண்டு விதம். டேப்லெட்டில் பித்தளைப் புள்ளிகள் போன்ற தொடுமுனைகள் இருந்தால், அதில் ஒட்டும் கீபோர்டு டேப்லெட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும்; தனியாகச் சார்ஜ் வேண்டாம். விலை கூடுதல். மற்றவை புளூடூத், அவற்றுக்குள் தனி பேட்டரி உண்டு. பள்ளி விடுமுறையில் மாதக்கணக்கில் சும்மா வைத்தால் அது முழுக்க வடிந்து கெட்டுப்போகலாம். இடையிடையே சார்ஜ் ஏற்றுங்கள். மடியில் வைத்து எழுதுகிறவர்கள் முதுகில் கால் நீட்டி நிற்கும் வகையை விட்டு, மடிக்கணினிபோல் கீல் உள்ளதை எடுக்கலாம். பிள்ளை படம் பார்க்கவும் வரையவும் செய்தால் கீபோர்டு தனியாகக் கழன்று வருவது நல்லது; டேப்லெட்டோடு முழுக் கேஸையும் கையில் பிடித்தால் ஒரு கிலோவை நெருங்கும்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து நெய்யாற்றின்கரையில் வாங்கினாலும் களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டத்தில் வாங்கினாலும் வரி ஒன்றுதான். அதனால் திரும்பிப் போக வசதியான கடையில், ஜிஎஸ்டி எண் போட்ட பில்லோடு வாங்குங்கள். வாங்கிய வாரமே எல்லா விசையையும் அழுத்திப் பார்த்து, ஏதாவது ஒன்று இரட்டிப்பாக விழுந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.